பழைய டிராக் பந்தயத் தானுந்துகளின் மெய்த்தன்மை ஆய்வு

பழைய டிராக் பந்தயத் தானுந்துகளின் மெய்த்தன்மை ஆய்வு என்பது, 1960களில் அமெரிக்கத் தானுந்து (கார்) நிறுவனங்கள் டிராக் பந்தயத்துக்கென்றே சிறு எண்ணிக்கையில் உருவாக்கிய வண்டிகளுள் ஒன்று எனச் சொல்லப்படும் ஒரு வண்டி உண்மையில் அவற்றுள் ஒன்றுதானா என்பதைக் கண்டறியும் முறை ஆகும். அவ்வகை வண்டிகள் எத்தனை, எங்கே, எவ்வாறு உருவாக்கப்பட்டன என்னும் உற்பத்தி வரலாற்று ஆய்வும் இதனுள் அடங்கும்.

இவ்வண்டிகள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பக் கார்களின் உடற்கூட்டைக் கொண்டவை. எனவே அதே ஆண்டைச் சேர்ந்த சாதாரண வண்டி ஒன்றை வாங்கி, பெரிய எஞ்சினையும் கண்ணாடி இழைப் பாகங்களையும் பொருத்தினால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. விலையிலோ வேறுபாடு பல மடங்கு. மெய்யான வண்டிகள் ஏலங்களில் பல இலட்சம் டாலர் வரை விலைபோகின்றன. ஆகவே மெய்த்தன்மை ஆய்வு என்பது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. வாங்குபவரின் வாழ்நாள் சேமிப்பும் பந்தய வரலாற்றின் நம்பகத்தன்மையும் அதனைச் சார்ந்துள்ளன.

பின்னணி

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரு வண்டிகளுள் எது நேர்கோட்டில் கால் மைல் (சுமார் 402 மீட்டர்) தொலைவை முதலில் கடக்கிறது என்று பார்க்கும் பந்தயம் ஆகும். "டிராக்" என்பதை இங்கு "இழுவை" என மொழிபெயர்ப்பது பொருந்தாது. இயற்பியலில் காற்று ஒரு பொருளின் இயக்கத்தை எதிர்ப்பதை அச்சொல் குறிப்பதால் குழப்பம் விளையும். எனவே இக்கட்டுரையில் டிராக் என்றே ஆளப்படுகிறது.

1951 ஆம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவரால் தேசிய ஹாட் ராட் சங்கம் நிறுவப்பட்டது. இச்சங்கத்தின் "ஸ்டாக்", "சூப்பர் ஸ்டாக்" முதலிய பிரிவுகளில், தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்த வண்டிகளே கலந்துகொள்ளலாம். ஞாயிறன்று வெல்லும் வண்டி திங்களன்று விற்கும் என்பது அக்கால அமெரிக்க விற்பனையாளர்களின் நம்பிக்கை. எனவே நிறுவனங்கள் விதியை நிறைவு செய்யத் தேவையான அளவுக்கு, அல்லது அதற்குச் சற்று மேலாக, பந்தய வண்டிகளைச் செய்து விற்பனையாளர்கள் வழியாகப் பந்தய வீரர்களுக்கு விற்றன. 1968-69 காலகட்டத்தில் 50 வண்டிகள் என்பது முக்கியமான எல்லையாக இருந்தது. இந்த எண் கீழே மீண்டும் வரும்.

ஐயம் எழும் காரணங்கள்

முதற் காரணம், இவ்வண்டிகளை யாரும் பாதுகாக்க நினைக்கவில்லை என்பதே. பந்தய வண்டி ஒரு கருவி. எஞ்சின் வெடித்தால் அடுத்த வாரம் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டது. எடையைக் குறைக்க உடற்கூடு அமிலத்தில் தோய்க்கப்பட்டது. பெரிய பின்சக்கரங்களுக்காக மட்கார்டு வெட்டப்பட்டது. ஒவ்வொரு உரிமையாளரும் வண்ணத்தையும் பெயரையும் மாற்றினார். விதி மாறியதும் வண்டி பழையதாகி, அடுத்தவருக்குக் குறைந்த விலைக்குக் கைமாறியது.

இரண்டாவது, இவற்றுட் பல சாலையில் ஓடவே இல்லை. 1968 ஆம் ஆண்டின் ஹெமி டார்ட் வண்டிகளில் பொதுச்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்னும் அறிவிப்பே ஒட்டப்பட்டிருந்தது. சாலையில் ஓடாத வண்டிக்குப் பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றுக்குத் தேவை இல்லை. விற்றவர் எழுதிக்கொடுத்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இவை கைமாறின. சாதாரணக் காரின் வரலாற்றை அரசுப் பதிவேடுகளில் தேடலாம். இவற்றுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுள்ளது.

அடையாள எண் கூறுவதும் கூறாததும்

வண்டி அடையாள எண்ணைப் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிடும் என்று புதியவர்கள் எண்ணுவது வழக்கம். 1981 முதல் அமெரிக்காவில் 17 இடங்கள் கொண்ட எண் கட்டாயமானது. அதன் ஒன்பதாம் இடம் சரிபார்ப்பு இலக்கம் ஆகும். மற்ற இடங்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் தவறாக எழுதப்பட்ட எண் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். 1960களின் எண்களில் இத்தகைய ஏற்பாடு கிடையாது. அன்றியும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறையைக் கொண்டிருந்தது. மூன்று எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும்.

1968 ஆம் ஆண்டின் டாட்ஜ் ஹெமி டார்ட்டின் எண் "எல்-ஓ-23-எம்-8-பி" எனத் தொடங்கும். எல் என்பது டார்ட்டையும், ஓ என்பது சூப்பர் ஸ்டாக் வகையையும், 23 என்பது இருகதவு ஹார்ட்டாப் உடற்கூட்டையும், எம் என்பது தனி ஆணைப்படி பொருத்தப்படும் எஞ்சினையும், 8 என்பது 1968 ஐயும், பி என்பது மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையையும் குறிக்கும். அதன் உடன்பிறப்பான பிளிமத் பாரகூடாவின் எண் "பி-ஓ-29-எம்-8-பி" எனத் தொடங்கும். இங்கு எண்ணே வண்டியின் வகையைக் கூறிவிடுகிறது. எனவே போலி செய்பவர் எண்ணையே மாற்ற வேண்டியவராகிறார்.

1969 ஆம் ஆண்டின் செவ்ரொலே கமாரோ இசட்எல்-1 இதற்கு நேர் எதிரானது. அவ்வாண்டுக் கமாரோவின் எண்ணிலிருந்து எட்டு உருளை எஞ்சினா ஆறு உருளை எஞ்சினா என்பது மட்டுமே தெரியும். எந்த எட்டு உருளை எஞ்சின் என்பது தெரியாது. 427 கன அங்குல அலுமினிய எஞ்சின் கொண்ட அரிய வண்டியும், மிகச் சாதாரண எட்டு உருளை வண்டியும் ஒரே வடிவிலான எண்ணையே கொண்டுள்ளன. எஞ்சினைக் குறிக்கும் எழுத்து 1972 முதற்கொண்டே செவ்ரொலே எண்களில் இடம்பெற்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு சற்று வியப்பானது. 1964 ஆம் ஆண்டின் ஃபோர்டு ஃபேர்லேன் தண்டர்போல்ட்டில் இருந்தது 427 கன அங்குல (சுமார் 7 லிட்டர்) எஞ்சின். ஆனால் அதன் அடையாள எண்ணில் உள்ள எஞ்சின் எழுத்து "கே". அது 289 கன அங்குல எஞ்சினுக்கு உரியது. தொழிற்சாலையில் அவ்வெண்ணுடன் தொடங்கப்பட்ட ஃபேர்லேன் உடற்கூடுகள் டியர்பார்ன் ஸ்டீல் டியூபிங் என்னும் ஒப்பந்த நிறுவனத்தில் தண்டர்போல்ட்களாக மாற்றப்பட்டதே காரணம். அதாவது மெய்யான வண்டியின் எண், வண்டியில் உள்ளதை விடச் சிறிய எஞ்சினைக் கூறுகிறது. எண் சரியாகப் பொருந்தியிருந்தால் வண்டி மெய்யானது என்னும் எளிய விதி இங்கே தோற்றுவிடுகிறது.

ஹெமி டார்ட்டும் ஹெமி பாரகூடாவும்

இத்துறையில் மிகுதியாக விவாதிக்கப்படும் வண்டிகள் இவை. ஹெமி என்பது அரைக்கோள வடிவ எரியறை கொண்ட கிரைஸ்லர் எஞ்சினைக் குறிக்கும் பெயர். 426 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட அதன் அறிவிக்கப்பட்ட திறன் 425 குதிரைத்திறன். உண்மைத் திறன் இதனினும் கணிசமாக மிகுதி என்பதைப் பந்தய உலகம் அறிந்தே இருந்தது.

ஹாம்ட்ராம்க்கிலிருந்து முற்றுப்பெறாத நிலையில் வந்த உடற்கூடுகள், மிச்சிகனில் இருந்த ஹர்ஸ்ட் நிறுவனப் பணிமனையில் பந்தய வண்டிகளாக முடிக்கப்பட்டன. முன் மட்கார்டுகளும் பானெட்டும் கண்ணாடி இழையால் ஆனவை. கதவுகள் மெல்லிய எஃகு. பக்கக் கண்ணாடிகள் வழக்கமானவற்றை விட மெலிந்தவை. அவற்றை ஏற்றி இறக்கச் சுழற்றுபிடி இல்லை, பட்டை ஒன்றே இருந்தது. பின் இருக்கை, வானொலி, வெப்பமூட்டி, ஒலித்தடுப்புப் பூச்சு ஆகியன நீக்கப்பட்டன. முன் இருக்கைகள் டாட்ஜ் வேன் வகையிலிருந்து எடுக்கப்பட்ட எடை குறைந்தவை. பேட்டரி, பின்சக்கரங்களின் மேல் எடையைக் கூட்டும் பொருட்டு, பின்பெட்டிக்குள் வைக்கப்பட்டது. வண்ணம் பூசப்படாமல் அடிப்பூச்சோடு மட்டும் இவை வாங்குபவரிடம் சேர்ந்தன. வண்ணம் அவரவர் விருப்பம்.

இப்பட்டியலை ஆய்வாளர் வேறு கண்ணோடு படிப்பார். இருக்கை, கண்ணாடி, மட்கார்டு ஆகிய யாவும் கழற்றி மாட்டக்கூடியவை. புதிதாகச் செய்யப்பட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவை இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. அகலமான ஹெமி எஞ்சினுக்கு இடம் தருவதற்காக எஞ்சின் அறையின் வலப்புறத்தில் ஷாக் அப்சார்பர் தாங்கும் பகுதி மாற்றப்பட்டதும், டார்ட்டின் பின்சக்கர வளைவுகள் வெட்டி அகலமாக்கப்பட்டதும் அவ்வாறல்ல. இவை உடற்கூட்டின் எஃகிலேயே செய்யப்பட்ட வேலைகள். அவ்வேலையின் பாங்கு, விளிம்புகளின் முடிப்பு, பற்றவைப்பு ஆகியவற்றை ஐயமற்ற வேறு வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முதன்மையான சான்று. விற்பனை விளம்பரங்கள் பெரும்பாலும் பாகங்களைப் பற்றியே பேசுவதும், உடற்கூட்டைப் பற்றி மௌனமாக இருப்பதும் கவனிக்கத்தக்கது.

தொழிற்சாலை ஆவணங்கள்

ஒரு வண்டியின் வரலாற்றை நிறுவுவது எளிதா கடினமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் அருமையன்று. அது செய்யப்பட்ட ஆண்டும் நிறுவனமுமே. காரணம், ஆவணங்கள் சீராகப் பிழைத்திருக்கவில்லை.

போன்டியாக் பிரிவின் 1961 முதல் 1986 வரையிலான விற்பனைப் பட்டியல்கள் நுண்படச் சுருள்களில் பிழைத்துள்ளன. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்னும் அமைப்பு அவற்றிலிருந்து படி எடுத்துத் தருகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் 1967 முதலான உற்பத்தித் தரவுகள் கணினிக் கோப்புகளாக எஞ்சி, மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் வழியாக அறிக்கைகளாகக் கிடைக்கின்றன. கிரைஸ்லர் நிறுவனத்தில் 1967 மாதிரி ஆண்டு வரையிலான தனி வண்டி உற்பத்திப் பதிவுகள் காக்கப்பட்டுள்ளன. அதற்குப் பிந்தியவை அவ்வாறு இல்லை. செவ்ரொலேயில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் விற்கப்பட்ட 1960களின் வண்டிகளுக்கு எஞ்சின் வரை கூறும் தொழிற்சாலைப் பதிவுகள் பொதுவாகக் கிடைப்பதில்லை. அக்காலத்தில் கனடாவில் விற்கப்பட்டவற்றுக்கு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் ஆவணங்கள் இருந்தன.

இதன் விளைவுகள் வேடிக்கையானவை. 428 கன அங்குல எஞ்சினுடன் 1968 ஆம் ஆண்டு டிராக் பந்தயத்துக்கெனச் செய்யப்பட்ட 50 மஸ்டாங் கோப்ரா ஜெட் வண்டிகளின் எண்கள் 135007 முதல் 135056 வரை தொடர்ச்சியாக உள்ளன. ஒருவர் தம் வண்டி அவற்றுள் ஒன்று என்றால் எண்ணைப் பார்த்து, ஆவணத்தோடு ஒப்பிட்டு முடிவு கூறிவிடலாம். நான்கு ஆண்டு முந்திய தண்டர்போல்ட் அந்த ஆவண எல்லைக்கு வெளியே உள்ளது. ஹெமி டார்ட்டோ ஒரே ஓர் ஆண்டு வேறுபாட்டில் எல்லையைத் தவறவிட்டது.

தொழிற்சாலைப் பதிவேடு இல்லாதபோது வண்டியோடு வந்த தாள்கள் முதன்மை பெறுகின்றன. உற்பத்தி வரிசையில் தொழிலாளர்களுக்கு வழிகாட்டிய குறிப்புத்தாள் சில வண்டிகளில் இருக்கைச் சுருள்வில்களுக்கு இடையிலும் எரிபொருள் தொட்டியின் மேலும் கண்டெடுக்கப்படுகிறது. பின் இருக்கையே இல்லாத பந்தய வண்டியில் தேடும் இடமும் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். செவ்ரொலே வண்டிகளுக்கு எஞ்சின் குறியீடு பொறித்த சிறு உலோக உத்தரவாதத் தகடு வழங்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டப்பட்ட விலைச்சீட்டும் உண்டு. இவை அனைத்துக்கும் இன்று மறுபதிப்புகள் விற்கப்படுகின்றன என்பதால், தாளின் உள்ளடக்கத்தோடு அது எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்பதும் ஆராயப்பட வேண்டும்.

எஞ்சினும் வார்ப்புத் தேதிகளும்

எஞ்சினில் மூன்று வகைக் குறிகள் இருக்கக்கூடும்: வார்ப்பின்போது உருவான பாக எண்ணும் தேதியும், எஞ்சின் பூட்டப்பட்ட தேதியோடு கூடிய குறியீடு, வண்டி எண்ணின் ஒரு பகுதி. இவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்ப்பது எளிய, ஆனால் பயன்மிகுந்த சோதனை. வார்ப்பு முதலில், பூட்டுதல் அடுத்து, வண்டியின் உற்பத்தி கடைசி. வண்டி உருவான பின்னர் வார்க்கப்பட்ட எஞ்சின் அவ்வண்டியில் பிறந்ததாக இருக்க இயலாது. செவ்ரொலே வார்ப்புகளில் மாதம் ஓர் எழுத்தாலும், ஆண்டு ஒரே இலக்கத்தாலும் குறிக்கப்பட்டது. 8 என்பது 1968 ஆகவும் இருக்கலாம், 1978 ஆகவும் இருக்கலாம். பாக எண்ணைச் சேர்த்துப் பார்த்தே ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

போலி முத்திரை இடுபவர் பழைய எழுத்துகளை நீக்க எஞ்சினின் மேற்பரப்பை இழைப்பார். அவ்வாறு செய்யும்போது தொழிற்சாலைக் கருவி விட்டுச்சென்ற நுண்ணிய இணைகோடுகளும் மறைந்துவிடும். எழுத்துகள் சரியாக இருந்து, கோடுகள் இல்லாவிடில் ஐயம் கொள்ள இடமுண்டு. எனினும் எஞ்சின் பழுது பார்க்கும் பணிமனைகளிலும் அப்பரப்பு நேர்மையாகவே இழைக்கப்படுவதுண்டு என்பதால் இது குற்றச்சாட்டு ஆகாது.

சாலை வண்டிகளுக்கு எஞ்சினும் உடற்கூடும் ஒரே எண் கொண்டிருப்பது பெரிதும் மதிக்கப்படுகிறது. பந்தய வண்டிக்கு அதே அளவுகோலைப் பொருத்துவது சரியன்று. பல பந்தயங்களில் ஓடிய வண்டியில் முதல் எஞ்சின் இல்லாதிருப்பதே இயல்பு. மாசற்ற முதல் எஞ்சினுடன் வந்து நிற்கும் வண்டியிடம்தான் கூடுதல் கேள்விகள் கேட்க வேண்டும்.

தடயங்களும் ஒளிப்படங்களும்

பந்தய வண்டியைச் சிதைத்த அதே வாழ்க்கை அதற்குச் சான்றுகளையும் தந்துள்ளது. பாதுகாப்புக் குழாய்ச்சட்டம் பொருத்திய துளைகள், இழுத்துச்செல்லும் கம்பிக்கான முன்புறத் தாங்கிகள், சுழற்சிமானிக்காக டேஷ்போர்டில் இட்ட துளைகள், விபத்துக்குப் பின் வைத்த ஒட்டுத்தகடுகள் ஆகியன ஒரு மனிதரின் தழும்புகளைப் போல ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தன்மை உடையவை. 1960களில் பந்தயத் திடல்களில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களோடு இவற்றை ஒப்பிடலாம். பூச்சை அடுக்கடுக்காகத் தேய்க்கும்போது கதவில் பழைய உரிமையாளர் அல்லது விற்பனை நிலையத்தின் பெயர் மங்கலாகத் தோன்றுவதும் உண்டு. இத்தகைய கண்டுபிடிப்பு பல ஆவணங்களை விட வலிமையானது. இதனாலேயே, வண்டியை வாங்கியவுடன் உலோகம் வரை மணல் வீச்சால் சுத்தம் செய்துவிடுவது ஆய்வாளர்களை வருந்தச் செய்கிறது.

ஒளிப்படத்துக்கு அடுத்தது உடைமைத் தொடர். இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கி முதல் விற்பனையாளர் வரை ஒவ்வொரு கையையும் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றோடு நிறுவுவது இதன் நோக்கம். முதல் பந்தய வீரர்கள் பலர் முதுமை எய்திவிட்டனர் அல்லது மறைந்துவிட்டனர். அவர்களின் வாய்மொழி மதிப்புமிக்கது, ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு வண்டியைக் காட்டி "இது உங்களுடையதா?" என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடும் ஆசை மனித இயல்பு. வண்டியைக் காட்டுவதற்கு முன்னரே, தம் வண்டியில் எங்கே துளையிட்டார், எங்கே அடிபட்டது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்ல முறை.

உற்பத்தி எண்ணிக்கைகள்

எண்ணிக்கைகளின் உறுதி ஒரே அளவினது அன்று. 1963 சனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளைப் பந்தயத்திலிருந்து விலகப் பணித்தது. அவ்வேளையில் சட்டத்தில் துளைகள் இடப்பட்டு எடை குறைக்கப்பட்ட போன்டியாக் கேட்டலினா வண்டிகள் 14 உருவாகியிருந்தன. "சுவிஸ் பாலாடைக்கட்டி" என்னும் பட்டப்பெயர் அத்துளைகளால் வந்தது. கமாரோ இசட்எல்-1 மொத்தம் 69. இலினொய் மாநிலத்தின் லா ஹார்ப் என்னும் சிற்றூரைச் சேர்ந்த விற்பனையாளர் ஃபிரெட் கிப், பந்தய விதிக்குத் தேவையான 50 வண்டிகளையும் தாமே ஆணையிட்டார். எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் விலை குறிக்கப்பட்டதால் அவற்றை விற்க இயலாது, பலவற்றைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இன்று தேடப்படும் வண்டி அன்று விலைபோகாமல் நின்றது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

தண்டர்போல்ட்கள் 100 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எண். முதல் 11 கருஞ்சிவப்பு, ஏனையவை வெள்ளை. எனவே கருஞ்சிவப்புத் தண்டர்போல்ட் என்று கூறப்படும் வண்டி கூடுதல் ஆய்வுக்கு உரியது. ஹெமி டார்ட் சுமார் 80, ஹெமி பாரகூடா சுமார் 70 என வழங்கப்படுகிறது. "சுமார்" என்னும் சொல் இங்கு அலங்காரமன்று. எண்ணிக்கை உறுதியாக இல்லாதபோது புதிதாக ஒரு வண்டி "கண்டுபிடிக்கப்படுவதற்கு" எப்போதும் இடமுண்டு. பிழைத்துள்ள வண்டிகளின் எண்களைப் பதிவேடுகளில் சேர்க்கும் ஆர்வலர்கள் அந்த இடத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கி வருகின்றனர்.

நகல், மறுகூடு, போலி

ஹெமி டார்ட் தோற்றத்தில் பந்தயம் ஓடிய வண்டிகள் எல்லாமே ஹர்ஸ்ட் பணிமனையில் பிறந்தவை அல்ல. சாதாரண டார்ட் உடற்கூட்டில் அதே அமைப்பைப் பந்தய வீரர்கள் தாமே உருவாக்கியதும் உண்டு. நகல் என்று வெளிப்படையாகக் கூறி விற்பதில் குற்றம் இல்லை. நீண்ட பந்தய வரலாறு கொண்ட நகல்களுக்குத் தமக்கெனப் பெருமையும் உண்டு.

சிக்கலானது மறுகூடு. சிதைந்த மெய் வண்டியிலிருந்து எண் தகட்டை எடுத்து, வேறொரு நல்ல உடற்கூட்டில் பொருத்துவது இது. சில வேளைகளில் எஞ்சிய பழைய உடற்கூட்டை மற்றொருவர் மீட்டமைக்க, ஒரே வரலாற்றுக்கு இரு வண்டிகள் உரிமை கோருகின்றன. பந்தயக் காலத்திலேயே விபத்துக்குப் பின் உடற்கூடு மாற்றப்பட்டிருந்தால் அதனை வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே ஏற்பது முறை. விலை ஏறிய பின்னர் செய்யப்பட்ட மாற்றத்தை அவ்வாறு ஏற்பதற்கில்லை. இரண்டுக்கும் இடையே கோடு போடுவதற்குத் தேவைப்படுவது மாற்றம் நிகழ்ந்த ஆண்டுக்கான சான்று.

ஐக்கிய அமெரிக்காவில் அடையாள எண்ணைத் தெரிந்தே நீக்குவதும் திருத்துவதும் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டரசுக் குற்றமாகும். எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூவிதழ் வடிவிலான தனி வகையாக இருந்ததால், ஆய்வாளர்கள் தகட்டைப் படிக்கும் முன் ரிவெட்டுகளையே பார்க்கின்றனர். தகடு பொருத்தப்பட்ட இடத்தைத் தவிர, உடற்கூட்டின் வேறு மறைவான இடங்களிலும் எண்ணின் பகுதி முத்திரையிடப்பட்டிருக்கலாம். இரண்டும் முரண்பட்டால் வண்டி பறிமுதல் செய்யப்படும் வாய்ப்பும் உண்டு. அந்நிலையில் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் கடைசியாக வாங்கியவரே.